ரேடியேட்டர் நீர் எங்கே போகிறது?

நேற்றுத்தான் உங்கள் பழைய காரின் ரேடியேட்டரை நிரப்பினீர்கள். இன்று பார்த்தால் இரண்டு டம்ளர் குறைந்திருக்கிறது. "பழைய வண்டி, அப்படித்தான் குடிக்கும்" என்று மீண்டும் ஊற்றிவிட்டுப் புறப்படுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள்! மூடிய அமைப்பிலுள்ள நீர் காரணமின்றிக் குறையாது. அது எங்கோ வெளியேறுகிறது. எங்கே?

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த நீர்தான் வெப்பமாக ஏந்திச் சென்று, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. அது கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கரில் நடப்பதே இங்கும் நடக்கிறது. வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால், நீர் 100 பாகையில் அல்ல, சுமார் 120 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் இறுகிவிட்டாலோ அழுத்தம் நிற்காது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், திறந்த பாத்திரத்து நீர் 93 பாகையிலேயே கொதிக்கும். மலைப்பாதையில் பழைய கார்கள் ஆவி கக்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே முதலில் மூடியைச் சோதியுங்கள், செலவும் குறைவு.

அடுத்து, இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் தெரிந்தால் அதற்கு நேர் மேலே பாருங்கள். ரப்பர் குழாய்களில் வெடிப்பு, கிளிப்புகளின் ஓரத்தில் வெள்ளைப் படிவு, வாட்டர் பம்பின் சிறு துளையிலிருந்து ஒழுகிய தடம் ஆகியவை கசிவைக் காட்டிக் கொடுக்கும்.

வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லையா? அப்போதுதான் கவலைப்பட வேண்டும். ஹெட் காஸ்கெட் பழுதுபட்டு, நீர் சிலிண்டருக்குள் புகுந்து ஆவியாகப் போகலாம். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெண்புகை வருவது இயல்பே. எஞ்சின் நன்கு சூடான பின்னும் அது நிற்காவிட்டால், அல்லது எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாகியிருந்தால், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

"வெப்பமானி முள் ஏறவில்லையே!" என்று நம்பியிருக்காதீர்கள். அதன் உணர்கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், எஞ்சின் தகிக்கும்போதும் முள் தாழ்ந்தே நிற்கக்கூடும். உள்ளே சிலிண்டர் ஹெட் வளைந்துகொண்டிருக்கும்.

ஒன்றை மறவாதீர்கள்: சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் சட்டென்று விழுந்ததும் உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவியாகும் நீர் சுமார் 1,600 மடங்கு விரியும். எஞ்சிய கொதிநீரையும் வாரி முகத்தில் இறைக்கும். எஞ்சினை நிறுத்தி, கைபொறுக்கும் அளவு ஆறும்வரை காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பு இரும்பும் விரிசல் காணலாம்.

வெறும் நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கூலண்ட் நீர்த்துப்போய்த் துருவும் உப்புப் படிவும் சேரும். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் கலவையையே நிரப்புங்கள். மிச்சத்தைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும் எத்திலீன் கிளைக்கால் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் நஞ்சு.

நாளைக் காலை, வண்டியைக் கிளப்புமுன் அந்த அட்டையைப் பார்ப்பீர்கள் அல்லவா?