இலங்கை ஏன் காற்புள்ளியில் தொடங்குகிறது?

உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவியர் பலர் இப்போது மாதிரி வினாத்தாள்களையும் குறிப்புகளையும் ஒன்லைனில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பணத்தை வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டு, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால், சற்று நேரத்தில் வட்ஸ்அப்பில் கோப்பு வந்துவிடும். திறந்து பார்த்தால் அங்கே தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, பூனை விசைப்பலகையின் மேல் நடந்து போனது போல் இருக்கும். உம்மா, "ஏமாத்திட்டாங்க மகள்" என்பார். வாப்பா, "வைரஸ் பிடிச்சிருக்கும், அழிச்சிருங்க" என்பார். விற்றவரைக் கேட்டால், "என்ட கொம்பியூட்டர்ல சரியாத்தானே இருக்கு" என்று பதில் வரும்.

இம்மூவரில் பெரும்பாலும் விற்றவர் சொல்வதே உண்மை. கோப்பு பழுதாகவில்லை. வைரஸும் இல்லை. அது பாமினி எழுத்துருவில் டைப் செய்யப்பட்ட கோப்பு. அவருடைய கணினியில் பாமினி இருக்கிறது, எமது போனில் இல்லை. விடயம் அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் தமிழ் எழுத்து கணினிக்குள் நுழைந்த கதையே அடங்கியிருக்கிறது.

கணினிக்கு எழுத்துகள் தெரியாது, எண்கள்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் அது சேமித்து வைக்கிறது. ஆரம்ப காலக் கணினிகளில் இதற்காக இருந்த இடங்கள் 256. அவற்றின் முதற் பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் குறியீடுகளுக்கும் போய்விட்டது. தமிழுக்கென்று தனியிடம் இருக்கவில்லை. எனவே எழுத்துருக்களை அமைத்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, திரையில் தெரியும் உருவத்தை மட்டும் தமிழாக்கினார்கள். சின்ன ஜே எழுத்தின் இடத்தில் "த" என்ற படம். சின்ன கே எழுத்தின் இடத்தில் "ம". பெரிய கே எழுத்தில் "மு". அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி.

ஆகவே பாமினியில் "தமிழ்" என்று நாம் டைப் செய்யும்போது கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. "இலங்கை" என்பது காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப். நாட்டின் பெயர் ஒரு காற்புள்ளியில் தொடங்குகிறது! "முஸ்லிம்" என்ற சொல்லின் நடுவே ஒரு சதுர அடைப்புக்குறி நிற்கிறது, ஏனென்றால் பாமினியில் "ஸ" வின் இடம் அது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பாமினி என்ற உடுப்பைக் கழற்றியவுடன் உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது.

இதைச் செய்தவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தவர் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. தட்டச்சு வகுப்புக்குப் போன பழைய தலைமுறையினரைக் கேட்டால் "யளனகப" என்று முதல் பாடத்தை இன்றும் ஒப்புவிப்பார்கள். பாமினியில் ஏ, எஸ், டி, எஃப், ஜி என்ற விசைகளைத் தட்டிப் பாருங்கள், அதே யளனகப வரும். தட்டச்சில் பழகிய விரல்கள் எதையும் புதிதாகக் கற்காமல் கணினிக்கு மாறிக்கொண்டன. பத்திரிகைகளும் பாடசாலைச் சஞ்சிகைகளும் கல்யாண அழைப்பிதழ்களும் அப்படித்தான் அச்சேறின.

யூனிகோட் என்ற உலகப் பொது முறை 1991 இல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்குத் தனியிடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் காட்டக்கூடிய கணினிகள் வீடுகளுக்கு வர மேலும் பல ஆண்டுகள் எடுத்தன. விண்டோஸில் தமிழுக்கு ஆதரவு வந்தது விண்டோஸ் 2000 உடன்தான். இடைப்பட்ட காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்கள் இல்லாவிட்டால் கணினியில் தமிழே இருந்திருக்காது. எனது வருத்தமெல்லாம் தேவை முடிந்த பிறகும் நாம் அதிலேயே தங்கிவிட்டோம் என்பதுதான்.

அதனால் என்ன நட்டம்? பி.டி.எப். கோப்பாக வாங்கினால் எழுத்துரு பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே வந்துவிடும். போனிலும் அழகாகத் தமிழ் தெரியும். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். முந்நூறு பக்க வரலாற்றுக் குறிப்பில் "கண்டி" எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்று பதில் வரும். கண்ணெதிரே பக்கம் பக்கமாகக் கண்டி இருக்கும், ஆனால் கணினி அந்தச் சொல்லைப் பார்த்ததே இல்லை. ஒரு பந்தியைப் பிரதி செய்து தோழிக்கு அனுப்பினால் மீண்டும் பூனை நடந்த கதைதான்.

வகுப்பு இடாப்பைப் பாமினியில் எக்ஸெலில் தயாரித்து அகர வரிசைப்படுத்தினால் இன்னும் வேடிக்கை. யாஸ்மின் முதலில் வருவார், பிறகு நஸ்ரினா, பிறகு பாத்திமா. அஸ்மா அவர்களுக்கெல்லாம் பின்னால் நிற்பார். கணினி அகர வரிசையைப் பார்க்கவில்லை. ஏ, ஈ, ஜி, எம் என்ற ஆங்கில வரிசையைத்தான் பார்த்தது. இல்ஹாமா மட்டும் காற்புள்ளியின் தயவில் யாஸ்மினையும் முந்திக்கொள்வார்.

சிரிப்பாகச் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. பார்வையற்ற மாணவர்கள் கணினியில் படிப்பது திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் உதவியால். என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. யூனிகோட் தமிழில் உள்ள பாடக்குறிப்பை அதற்குக் கொடுத்தால் "இலங்கை" என்று உச்சரிக்கும். பாமினிக் குறிப்பைக் கொடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளைத்தான் உளறும். எங்களுக்கு எரிச்சலோடு போகும் ஒரு குறை, அந்த மாணவருக்குப் பாடமே இல்லாமல் செய்துவிடுகிறது. கொமினிகேஷன் கடையில் அவசரமாக டைப் செய்து வாங்கும் நாலு பக்கத்தில் இப்படி ஒருவரை வெளியே நிறுத்துகிறோம் என்று யாருக்குத் தோன்றும்?

தமிழ் குழம்பித் தெரியும்போதெல்லாம் பாமினி மீது பழி போடவும் கூடாது. எங்கள் உறவுக்கார ராத்தா ஒருவர் வீட்டில் கேக் செய்து ஒன்லைனில் விற்கிறார். வந்த ஓடர்களைச் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி எக்ஸெலில் திறந்தால், கேக்கின் மேல் எழுத வேண்டிய தமிழ் வாழ்த்தெல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தாகவும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தாகவும் மாறி நிற்கும். இது வேறு நோய். அங்கே இருப்பது நல்ல யூனிகோட் தமிழ்தான், எக்ஸெல் அதைப் பழைய முறையில் வாசித்துவிட்டது. கோப்பை நேரே திறக்காமல் எக்ஸெலின் "டேட்டா" பகுதிக்குப் போய், "ஃப்ரொம் டெக்ஸ்ட்" மூலம் உள்ளெடுத்து, யூ.டி.எஃப்.-8 என்பதைத் தெரிவு செய்தால் வாழ்த்து திரும்பி வந்துவிடும். எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரிந்தால், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். "கெ" எழுதப் போய்ப் புள்ளிகளாலான வட்டம் ஒன்று தோன்றினால், கொம்பை முதலில் தட்டிவிட்டோம் என்று பொருள். தட்டச்சில் கொம்பு முன்னால், யூனிகோடில் "க" முன்னால். பழகிய விரல்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

யூனிகோடிலும் எல்லாம் இனிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அனுப்பலாம், தமிழில் 70 தான். அந்த 70 இலும் "அம்மா" மூன்றெழுத்தாக எண்ணப்படாது, ஐந்தாக எண்ணப்படும். புள்ளியும் அரவும் தனித்தனியே கணக்கில் சேரும்.

பாமினிக் கோப்பு ஒன்று கைக்கு வந்துவிட்டால் அழிக்க வேண்டியதில்லை. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. ஒருபுறம் ஒட்டினால் மறுபுறம் யூனிகோட் தமிழ் வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் அது தமிழாக்கிவிடும். ஆங்கிலத்தில் "மே" மாதம் என்று எழுதியிருந்தால் "ஆயல" என்று வரும். விஞ்ஞானப் பிரிவு மாணவியரின் சமன்பாடுகள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்தே ஆகவேண்டும்.

டைப் செய்பவர்களுக்கு ஒரு செய்தி. விரல் பழக்கத்தை விடவேண்டிய அவசியமே இல்லை. எ-கலப்பை என்ற இலவச மென்பொருளில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்யலாம். தட்டுவது பழைய விசை, சேமிப்பாவது யூனிகோட். பணம் கொடுத்துக் குறிப்பு வாங்கும் மாணவியரும் பெற்றோரும், வங்கிக்குப் போகும் முன் விற்பவரிடம் ஒரு பக்கத்தை மாதிரியாகக் கேளுங்கள். அதில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், ஒரு வரியைப் பிரதி செய்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் வாங்குங்கள். சரியில்லையென்றால் "யூனிகோடில் தர முடியுமா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் கேட்காமலே கொடுப்பார்.

இந்தச் சஞ்சிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்றும் பல அச்சகங்கள் பக்கம் அமைப்பது பேஜ்மேக்கரில். அதன் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்தது, அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அதனால் போனில் யூனிகோடில் எழுதி அனுப்பும் ஆக்கங்கள் அங்கே போனதும் பாமினிக்கு மாற்றப்பட்டுவிடுகின்றன. அச்சகத்தாரை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் இருந்த மூலப் பிரதிகளை ஒரு பென் டிரைவில் போட்டு, ஆண்டைக் குறித்து, கல்லூரி நூலகத்தில் வைக்கலாம். இந்த இதழிலிருந்தே தொடங்கும்படி இதழாசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.