கேம் சாட்டில் ஸ்பெல்லிங் தப்பினால் என்ன ஆகும்? எது வெறும் சிரிப்பு, எது சிக்கல்?

நீங்கள் ஆன்லைன் கேம் ஆடுபவர் என்றால் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். டீம் சாட்டில் ஒருவர் அவசரமாக ஏதோ டைப் செய்கிறார், ஒரு எழுத்து மாறிவிடுகிறது. எதிரி எங்கே என்று தேட வேண்டிய நேரத்தில் இன்னொருவர் நட்சத்திரக் குறி போட்டு சரியான ஸ்பெல்லிங்கை எழுதுகிறார். மூன்றாமவர், "முதல்ல ஸ்கூலுக்குப் போ" என்கிறார். அதற்குள் டீமில் இரண்டு பேர் காலி.

இந்தச் சண்டை புதுசு இல்லை. 2004-ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் 'ரோக்' என்று ஒரு பாத்திரம் உண்டு, மறைந்திருந்து தாக்குபவர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை அடிக்கும்போது ஜி-யும் யூ-வும் இடம் மாறினால் அது 'ரூஜ்' ஆகிவிடும், அதாவது கன்னத்தில் பூசும் சிவப்புச் சாயம். இருபது வருஷமாக இதை வைத்துக் கிண்டல் ஓடுகிறது. ஆனால் "நம்ம டீமுக்கு ஒரு ரூஜ் தேவை" என்று யாராவது எழுதினால், மேக்கப் பெட்டியோடு வந்து நிற்பவர் எவரும் இல்லை. கத்தியோடுதான் வருவார்கள்.

அப்படியென்றால் கேமில் ஸ்பெல்லிங் ஒரு விஷயமே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான பிழைகள் யாருக்கும் நஷ்டம் தருவதில்லை. ஒரு சில பிழைகள் ரவுண்டையே காலி செய்யும், சில சமயம் காசையும். சிக்கல் என்னவென்றால், சாட்டில் எல்லோரும் அதிகம் சண்டை போடுவது முதல் வகைக்குத்தான்.

தப்பாக எழுதினாலும் எப்படிப் புரிகிறது?

சூழல்தான் காரணம். கேமில் பேசப்படும் சொற்கள் மொத்தமே கொஞ்சம்: எதிரி, வீடு, மலை, குண்டு, மருந்து, வா, போ, நில். இதில் எந்தச் சொல் வரப்போகிறது என்பது உங்கள் திரையிலேயே பாதி தெரிகிறது. மீதியை மூளை நிரப்பிக்கொள்கிறது.

ஆனால் அந்த நிரப்புதல் இலவசம் இல்லை. எழுத்துகள் கலைந்துபோன ஆங்கில வாக்கியங்களை மக்கள் எவ்வளவு வேகமாகப் படிக்கிறார்கள் என்று கீத் ரெய்னர் குழுவினர் 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சொல்லின் நடுவில் எழுத்துகள் இடம் மாறியிருந்தால் வாசிப்பு வேகம் சுமார் 11% குறைந்தது. கடைசியில் மாறியிருந்தால் 26%. சொல்லின் தொடக்கத்திலேயே மாறியிருந்தால் 36%. 'முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியா இருந்தா போதும், நடுவுல எப்படி இருந்தாலும் படிச்சிடலாம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுமே ஒரு ஃபார்வர்டு, அது பாதி உண்மைதான். படிக்கலாம், கொஞ்சம் மெதுவாக. சாதாரண அரட்டையில் அந்தத் தாமதம் தெரியாது. குண்டு பறக்கும்போது தெரியும்.

ஆளைக் கொல்லும் பிழை எது?

பிழையாக அடித்தது இன்னொரு 'சரியான' சொல்லாகவோ எண்ணாகவோ மாறிவிட்டால்தான் ஆபத்து. அப்போது படிப்பவருக்குப் பிழை நடந்ததே தெரியாது. மூளை திருத்தவும் செய்யாது.

பிஜிஎம்ஐ ஆடுபவர்களுக்கு இது நன்றாகப் புரியும். திரையின் மேலே திசைகாட்டிப் பட்டை இருக்கும். எதிரி எந்தப் பக்கம் என்று அதைப் பார்த்துத்தான் சொல்கிறோம். வடமேற்குக்கு 'என்-டபிள்யூ', வடகிழக்குக்கு 'என்-ஈ'. இப்போது உங்கள் கீபோர்டைப் பாருங்கள். டபிள்யூவும் ஈயும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. விரல் ஒரு கட்டம் நகர்ந்தால் 90 டிகிரி வித்தியாசம். உங்கள் டீம் அப்படியே எதிரிக்குப் பக்கவாட்டைக் காட்டித் திரும்பும்.

வேலரன்ட் ஆடுபவர்கள் எதிரிக்கு எவ்வளவு டேமேஜ் கொடுத்தோம் என்பதை எண்ணாக எழுதுவார்கள். ஹெவி ஷீல்டு போட்டவருக்கு உயிர் 100, ஷீல்டு 50, மொத்தம் 150. '140' என்று எழுதினால் ஒரே குண்டில் முடித்துவிடலாம், தைரியமாகப் போ என்று அர்த்தம். பூஜ்யம் விழாமல் '14' என்று போனால், அவர் கிட்டத்தட்ட முழு பலத்தோடு நிற்கிறார் என்று அர்த்தம். கதையே தலைகீழ். அதேபோல் 'கேன்ட்' என்று அடிக்கும்போது கடைசி டி விழாவிட்டால் 'கேன்'. "ரிவைவ் பண்ண முடியாது" என்று சொல்ல வந்தவர் "முடியும்" என்று சொல்லிவிட்டார். கீழே விழுந்தவர் நம்பிக்கையோடு காத்திருப்பார், பாவம்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கு வேறொரு தலைவலி. இங்கே பிழை என்று ஒன்றைச் சுட்டவே முடியாது, ஏனென்றால் சரியான ஸ்பெல்லிங் என்று எவரும் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. 'பழம்' என்பதற்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போட்டு 'பலம்' ஆக்குவார். இரண்டும் ஓடும். ஆனால் குறில், நெடில் வித்தியாசம் ஆங்கில எழுத்தில் காணாமல் போவதுதான் வம்பு. "ஸ்மோக் போட" என்று தொடங்கி பாதியில் என்டர் தட்டிவிட்டால், எதிரில் இருப்பவர் "போடா" என்றுதான் படிப்பார். அவர் உங்களைவிட வயதில் மூத்தவராக இருந்துவிட்டால் அந்த மேட்ச் முடியும்வரை ஸ்மோக் பற்றிப் பேச்சே இருக்காது.

பிழை அடையாளமாவதும் உண்டு

கேமர்கள் சில பிழைகளைத் திருத்துவதற்குப் பதிலாகத் தத்தெடுத்துக்கொண்டார்கள். எதிரியை ஒன்றுமில்லாமல் ஆக்குவதை ஆங்கிலத்தில் 'ஓன்' செய்வது என்பார்கள். ஓ அடிக்கப்போய் பக்கத்தில் இருக்கும் பி விழுந்ததில் 'போன்' என்ற சொல் பிறந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. ஜப்பானின் டோபிளான் நிறுவனம் 1989-ல் வெளியிட்ட 'ஜீரோ விங்' விளையாட்டு பின்னர் வீட்டு கன்சோலுக்கு வந்தபோது, அதன் தொடக்கக் காட்சியின் ஆங்கில மொழிபெயர்ப்பு படு மோசம். அந்த உடைந்த ஆங்கிலமே 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மீம் ஆனது. இங்கெல்லாம் 'தப்பாக' எழுதுபவர் தெரியாமல் எழுதவில்லை, நானும் உங்க ஆளுதான் என்று காட்டிக்கொள்கிறார்.

அப்புறம் ஏன் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்ட், ராபின் குவீன் இருவரும் 2016-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அறைத்தோழர் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த மின்னஞ்சல்களை 83 பேரிடம் கொடுத்து, எழுதியவரை மதிப்பிடச் சொன்னார்கள். சிலவற்றில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தியிருந்தார்கள். பிழை இருந்த மின்னஞ்சல்களை எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்பது படித்தவரின் சுபாவத்தைப் பொறுத்தும் மாறியது. பிறரோடு இணங்கிப் போகும் குணம் குறைவாக உள்ளவர்களை இலக்கணப் பிழைகள் அதிகம் உறுத்தின. கலகலப்பான ஆட்கள் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள்.

இது மின்னஞ்சல், கேம் இல்லை. ஆனாலும் சாட்டில் நட்சத்திரக் குறியோடு வருபவரைப் பார்க்கும்போது இந்த ஆய்வு ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. அவர் திருத்துவது பெரும்பாலும் ஏற்கெனவே எல்லோருக்கும் புரிந்துவிட்ட சொல்லை. டீமுக்கு அதில் புதுத் தகவல் எதுவும் இல்லை. அங்கே பேசப்படுவது 'நான் உன்னைவிட மேலே' என்பது மட்டும்தான்.

இந்தியாவில் இது இன்னும் கொஞ்சம் வலிக்கும். ஒரே ஸ்குவாடில் மதுரை, பாட்னா, கொச்சி, புனே என்று நாலு ஊர் ஆட்கள். பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலம், அல்லது அரைகுறை இந்தி. பத்தாவதுவரை தமிழ் மீடியத்தில் படித்தவருக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்தவருக்கும் ஒரே சாட் பெட்டிதான். தவிர, டைப் செய்பவர்கள் எல்லோரும் விரும்பி டைப் செய்பவர்கள் இல்லை. வீட்டில் தூங்குகிறார்கள் என்பதால் மைக்கை அணைத்தவர்கள் உண்டு. குரல் கேட்ட உடனே தொல்லை ஆரம்பிக்கும் என்று மைக்கைத் தொடாத பெண்கள் உண்டு. அவர்களுக்கு எழுத்துதான் குரல். இரண்டு முறை ஸ்பெல்லிங்குக்குக் கிண்டல் வாங்கினால் மூன்றாவது முறை பேசாமல் இருந்துவிடுவார்கள். எதிரியைப் பார்த்தாலும் சொல்ல மாட்டார்கள். நஷ்டம் யாருக்கு?

கேம் நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2019-ல் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' ஒரு பட்டனை அழுத்தினால் எதிரி, துப்பாக்கி, போக வேண்டிய இடம் எல்லாவற்றையும் சுட்டிக்காட்டும் 'பிங்' வசதியால் பேர் வாங்கியது. முன்பின் தெரியாதவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஜெயிக்க முடிந்தது. எண், திசை போன்ற விஷயங்களுக்கு நீங்களும் முடிந்தவரை பிங்கையே பயன்படுத்துங்கள். டைப் செய்தே ஆக வேண்டும், எண் தப்பிவிட்டது என்றால், அந்த எண்ணை மட்டும் திரும்ப அனுப்புங்கள். மற்றவர் எழுதியது சந்தேகமாக இருந்தால் "300-ஆ?" என்று கேட்டாலே போதும், பாடம் எடுக்க வேண்டாம்.

காசு போகும் இடம்

ஒரே ஒரு இடத்தில் நீங்கள் கண்டிப்பான தமிழாசிரியரைவிடக் கறாராக இருக்க வேண்டும். முகவரி, ஐடி, லிங்க். இங்கே சூழல் கைகொடுக்காது. பிளேயர் ஐடி கொடுத்து டாப்-அப் செய்யும்போது ஒரு இலக்கம் மாறினால், காசு வேறு யாருடைய கணக்குக்கோ போய்ச் சேரும், திரும்ப வாங்குவது லேசில் நடக்காது.

மோசடி செய்பவர்கள் நம்பியிருப்பதும், பிழையை நிரப்பிக்கொள்ளும் அதே மூளையைத்தான். 'இலவச யூசி', 'இலவச ஸ்கின்' என்று சாட்டில் வரும் லிங்க்கில் பிரபலமான தளத்தின் பெயரே இருக்கும். எம் வர வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு சிறிய எழுத்துகளை ஒட்டி வைத்திருப்பார்கள். வேகமாகப் பார்த்தால் எம் போலவே தெரியும். எல்-லுக்குப் பதில் 1, ஓ-வுக்குப் பதில் பூஜ்யம் போடுவதும் பழைய வித்தை. கேமில் யூசி வாங்க வேண்டுமென்றால் கேமுக்குள் இருக்கும் கடைக்கே போங்கள். சாட்டில் வந்த லிங்க்கில் லாகின் விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அந்த மேட்சை அப்படியே விட்டுவிட்டு முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.