'டெல் மீ' சரி, 'எக்ஸ்ப்ளெயின் மீ' ஏன் தப்பு?

ப்ளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஆப்டிட்யூடுக்கு ஆப் இருக்கு, கோடிங்குக்கு சீனியர்ஸ் அனுப்பின ஷீட் இருக்கு. ஆனா ஜிடியில போய் உட்கார்ந்ததும் நம்மள்ல பல பேர் வாயைத் திறக்கறதே இல்ல. விஷயம் தெரியாம இல்ல. வார்த்தையும் தெரியும், நாலு வருஷமா இங்கிலீஷ்லதானே எக்ஸாம் எழுதறோம்! அப்புறம் எங்க மாட்டுது?

'அவர்கிட்ட கேட்டேன்'னு சொல்லணும். 'ஐ ஆஸ்க்ட்' வரைக்கும் தானா வந்துடும். அடுத்து 'டு ஹிம்'மா, 'வித் ஹிம்'மா, வெறும் 'ஹிம்'மா? அதை யோசிக்கற ஒரு செகண்ட்ல பக்கத்து சேர்ல இருக்கறவர் பேச ஆரம்பிச்சுடுவார். நம்ம பாயின்ட் அவர் வாயிலிருந்து வரும்.

மாட்டற இடம் இதுதான். ப்ரொனவுன், வெர்ப், ப்ரெபோசிஷன் மூணும் சேர்ற ஜாயின்ட். அதை மட்டும் இங்க கழட்டிப் பார்ப்போம்.

தமிழ் இதை எப்படிச் செய்யுது?

'நான் அவனுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்.' இதுல 'கொடுத்தேன்' கடைசியிலேயே இருக்கட்டும். மத்த மூணு சொல்லையும் 6 விதமா மாத்திப் போடலாம். 'புத்தகத்தை அவனுக்கு நான் கொடுத்தேன்'னு சொன்னாலும் யார் கொடுத்தது, யார் வாங்கினதுன்னு குழப்பமே வராது. ஏன்னா ஒவ்வொரு சொல்லும் தன் வேலையை வால்ல ஒட்டிக்கிட்டு வருது. 'கு' வந்தா வாங்கறவன். 'ஐ' வந்தா கொடுக்கப்பட்ட பொருள் (இது தமிழ் 'ஐ', இங்கிலீஷ் 'ஐ' இல்ல!). ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின வேற்றுமை உருபு இதுதான். 'நான்' என்ற சொல்லையே தூக்கிட்டாலும், 'கொடுத்தேன்'ல இருக்கற 'ஏன்' ஆளைக் காட்டிக் கொடுத்துடும்.

பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரியில சொல்லிடலாம்: தமிழ்ல கீவேர்ட் ஆர்க்யுமென்ட், இங்கிலீஷ்ல பொசிஷனல் ஆர்க்யுமென்ட். 'ரவி கால்ட் குமார்', 'குமார் கால்ட் ரவி'. ரெண்டுலயும் அதே மூணு சொல்தான். இடம் மாறினதும் கூப்பிட்ட ஆளே மாறிட்டார்.

இங்கிலீஷ்லயும் வால் இருந்தது

சுமார் 1000 வருஷத்துக்கு முன்னாடி பேசின பழைய இங்கிலீஷ்ல பெயர்ச்சொல்லுக்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. போகப் போக அதெல்லாம் தேய்ஞ்சு போச்சு. அந்த வேலையை ரெண்டு பேர் பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணு, சொல் உட்கார்ற இடம். இன்னொண்ணு, ப்ரெபோசிஷன்.

தேயாம பெருமளவு தப்பிச்சது ப்ரொனவுன்தான். அதனாலதான் 'ஐ'க்கு 'மீ', 'ஹி'க்கு 'ஹிம்', 'தே'க்கு 'தெம்'னு இன்னமும் ஜோடியா இருக்கு. இதுல ஒரு சுவாரஸ்யம்: 'ஹிம்' முதல்ல 'அவனுக்கு' மாதிரியான வடிவம். 'அவனை'க்குத் தனியா ஒரு சொல் இருந்தது. அது வழக்கொழிஞ்சு போக, 'ஹிம்' ரெண்டு வேலையையும் சேர்த்து எடுத்துக்கிச்சு. 'ஐ கேவ் ஹிம் எ புக்'ல 'டு' இல்லாமலே 'அவனுக்கு'ன்னு அர்த்தம் வருதே, அது அந்தப் பழைய வேற்றுமையோட மிச்சம்.

அதே வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்க: 'ஐ கேவ் தி புக் டு ஹிம்.' 'ஹிம்' வெர்புக்குப் பக்கத்து சீட்டை விட்டு நகர்ந்ததும் 'டு' வந்து ஒட்டிக்குது. ப்ரெபோசிஷன் என்பது ஒரு லேபிள். உட்கார்ந்த இடத்தை வெச்சே வேலை புரிஞ்சா லேபிள் வேண்டாம், புரியலைன்னா வேணும்.

ப்ரொனவுனுக்கு ரெண்டு சீட்

வெர்புக்கு முன்னாடி சீட்: ஐ, ஹி, ஷி, வி, தே. வெர்புக்குப் பின்னாடியோ ப்ரெபோசிஷனுக்குப் பின்னாடியோ: மீ, ஹிம், ஹர், அஸ், தெம்.

ரெண்டு பேர் சேரும்போதுதான் சந்தேகம் வரும். 'ரவி அண்ட் ஐ'யா, 'ரவி அண்ட் மீ'யா? ரவியைத் தூக்கிட்டுப் படிங்க. 'மீ வென்ட்'னு யாரும் சொல்ல மாட்டோம். அப்போ 'ரவி அண்ட் ஐ வென்ட்'. 'ஹி கால்ட் ஐ'னும் சொல்ல மாட்டோம். அப்போ 'ஹி கால்ட் ரவி அண்ட் மீ'.

'மைசெல்ஃப் கார்த்திக்'னு ஆரம்பிக்கிற செல்ஃப் இன்ட்ரோவும் இங்கதான் இடறுது. செய்றவனும் செய்யப்படுறவனும் ஒரே ஆளா இருக்கும்போதுதான் 'மைசெல்ஃப்' முக்கியமா வரும், 'ஐ இன்ட்ரொட்யூஸ்ட் மைசெல்ஃப்' மாதிரி. பேரைச் சொல்ல 'ஐ ஆம் கார்த்திக்' போதும்.

'எனக்கு'ன்னு ஆரம்பிச்சா உஷார்

தமிழ்ல மனசுக்குள்ளயும் உடம்புக்குள்ளயும் நடக்கறது பெரும்பாலும் நம்மகிட்ட வந்து சேர்ற மாதிரிதான் இருக்கும். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்குது, என்கிட்ட இருக்கு. இந்த 'எனக்கு'வை அப்படியே தூக்கிட்டுப் போனா 'ஃபார் மீ', 'டு மீ'ன்னு ஆரம்பிச்சு நடுவுல நின்னுடுவோம். இங்கிலீஷ்ல இது அத்தனையும் முன் சீட்டுக்குப் போகும்: ஐ நோ, ஐ லைக், ஐ ஆம் ஹங்க்ரி, ஐ ஹேவ். பேசும்போது 'எனக்கு' மனசுல வந்தா, பெரும்பாலும் 'ஐ'ன்னு ஆரம்பிச்சுடுங்க. வண்டி ஓடிடும்.

லேபிளை முடிவு பண்றது வெர்ப்

மெயின் விஷயம் இதுதான். எந்த ப்ரெபோசிஷன்னு முடிவு பண்றது நம்ம தமிழ் உருபு இல்ல, அந்த இங்கிலீஷ் வெர்ப். 'கிட்ட'ன்னா 'டு', 'ஓட'ன்னா 'வித்'னு ஒரு டேபிள் போட்டா அது அடிக்கடி காலை வாரும்.

நேரா ஆளைப் பிடிக்கற வெர்ப்: டெல் ஹிம், ஆஸ்க் ஹிம், கால் ஹிம், மேரி ஹிம்.

லேபிள் கேட்கிற வெர்ப்: சே டு ஹிம், லிசன் டு ஹிம், வெயிட் ஃபார் ஹிம், லுக் அட் ஹிம், டிபென்ட் ஆன் ஹிம்.

தலைப்புக்கு வருவோம். டெல், கிவ், ஷோ, சென்ட் எல்லாம் பழைய இங்கிலீஷ் குடும்பத்து வெர்ப். அதெல்லாம் 'மீ'யைப் பக்கத்து சீட்ல உட்கார வைக்கும். எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜஸ்ட் மாதிரி லத்தீன் வேர்ல இருந்து வந்ததுங்க பெரும்பாலும் ஆளை அங்க விடாது, 'டு' கேட்கும். அதனாலதான் 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ'. ஆஃபர், ப்ராமிஸ் மாதிரி விதிவிலக்கும் உண்டு.

'டிஸ்கஸ் அபவுட்' ஏன் வருது? 'அதைப் பத்தி' என்ற தமிழ் ஒரு காரணம். இன்னொண்ணு, 'டிஸ்கஷன் அபவுட்'னு சொன்னா அது சரியான இங்கிலீஷ்! பெயர்ச்சொல்லுக்கு லேபிள் வேணும், அதே வெர்புக்கு வேண்டாம். 'தி ஆன்சர் டு தி க்வெஸ்சன்', ஆனா 'ஆன்சர் தி க்வெஸ்சன்'. 'எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ்', ஆனா 'ரெக்வெஸ்ட் லீவ்'.

நடுவுல நுழையற 'இட்'

'டர்ன் ஆஃப் தி ஃபேன்', 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' ரெண்டும் ஓகே. ஆனா ஃபேனுக்குப் பதிலா ப்ரொனவுன் வந்தா 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான். 'டர்ன் ஆஃப் இட்' கிடையாது. பிக் இட் அப், த்ரோ இட் அவே எல்லாம் இதே ரகம். 'லுக் அட் இட்' அப்படி இல்ல, அங்க 'இட்' நடுவுல நுழையாது. ஏன்னா 'அட்' என்பது 'இட்'டோட லேபிள், 'ஆஃப்' என்பது வெர்போட பாதி.

எப்படிப் பழகறது?

வெர்பைத் தனியா படிக்காதீங்க. 'ஹிம்' சேர்த்துப் படிங்க. 'வெயிட்'னு நோட்ல எழுதறதுக்குப் பதிலா 'வெயிட் ஃபார் ஹிம்'. 'இன்ஃபார்ம்'க்குப் பதிலா 'இன்ஃபார்ம் ஹிம்'. ஒரு நாளைக்கு ஐந்து போதும். ஹாஸ்டல் மாடிப்படி ஏறும்போது சத்தமா சொல்லிப் பாருங்க. கொஞ்ச நாள்ல மூணும் ஒரே சொல் மாதிரி வாயில வரும். அப்போ அந்த ஒரு செகண்ட் மிச்சமாகும்.

இன்னொண்ணு. 'டிஸ்கஸ் அபவுட்'னு வந்துட்டா வந்துட்டுப் போகட்டும், எதிர்ல இருக்கறவருக்குப் புரியும். பேசாம விட்ட பாயின்ட்தான் யாருக்கும் புரியாது.

இப்போ உங்க டர்ன். பதிலைப் பார்க்காம வாய்விட்டுச் சொல்லுங்க.

1. எனக்கு அவளைத் தெரியும்.
2. அவங்க எங்களுக்காகக் காத்திருந்தாங்க.
3. அதைப் பத்தி அவர்கிட்ட சொன்னேன்.
4. லைட் எரியுது, அதை ஆஃப் பண்ணு.
5. அதை எங்களுக்கு விளக்குங்க.

பதில்: 1. ஐ நோ ஹர். 2. தே வெயிட்டட் ஃபார் அஸ். 3. ஐ டோல்ட் ஹிம் அபவுட் இட். 4. தி லைட் இஸ் ஆன், டர்ன் இட் ஆஃப். 5. ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் இட் டு அஸ்.

மூணாவதுல 'அபவுட்' சரியா, தப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பீங்க. சரிதான். 'டெல்' அதைக் கேட்குது, 'டிஸ்கஸ்' கேட்கல. வெர்பைக் கேளுங்க, அது சொல்லும்.