மெதுவாகச் சுற்றி நெடுநாள் உழைத்த கடல் எஞ்சின்கள்

மரைன் ஹில் வாசிகளுக்குப் படகுச் சத்தம் புதிதல்ல. பக்கத்திலேயே ஃபீனிக்ஸ் பே துறை, அங்கேயே மரைன் டாக்யார்டு. காது கொடுத்துக் கேட்டால் எஞ்சின்களில் இரண்டு ஜாதி தெரியும். ஒன்று இடைவிடாமல் இரையும். மற்றொன்று ‘டுக்... டுக்...’ என்று, ஒவ்வொரு அடியையும் எண்ணிவிடலாம் போல ஓடும். இந்த இரண்டாவது ஜாதி இப்போது அருகி வருகிறது. அது ஏன் அத்தனை காலம் உழைத்தது என்பதைப் பார்ப்போம்.

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் ஜெர்மனியில் 1897-இல் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. 1912-இல் ‘செலாண்டியா’ என்ற டேனிஷ் கப்பல் டீசல் எஞ்சின்களின் பலத்திலேயே கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்டது. அந்த எஞ்சின்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 140 சுற்றுதான்!

சிறிய எஞ்சினுக்கும் இதே தத்துவம்தான். நம்ம ஊர் வயல்களில் தண்ணீர் இறைத்த லிஸ்டர் ரக ஆயில் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அது தரை எஞ்சின் என்றாலும் கணக்குக்கு உதவும். 6 குதிரைத்திறன், ஒரே சிலிண்டர், 650 சுற்று. பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம் சுமார் 140 மில்லிமீட்டர். ஒரு சுற்றில் மேலும் கீழுமாக 280. அப்படியானால் நொடிக்குச் சராசரியாக 3 மீட்டர். 90 மில்லிமீட்டர் நகர்ந்து 3000 சுற்று ஓடும் எஞ்சினில் இதே கணக்கு 9 மீட்டர் வரும். உரசல் குறைந்தால் தேய்மானமும் குறையும்.

இன்னொரு லாபம் புரொப்பல்லரில். மெதுவாகச் சுற்றும் பெரிய புரொப்பல்லர் நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளும். பாரம் ஏற்றிய டுங்கிக்கு அதுதான் ஏற்றது. கனமான ஃப்ளைவீல் இருப்பதால், டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றினால் கையாலேயே ஸ்டார்ட் ஆகும். பேட்டரி செத்துப்போனாலும் கரை சேரலாம். சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் தள்ளியிருக்கும் தீவுகளில் இது சாதாரண விஷயமா? உதிரிபாகம் வரும்வரை கடல் காத்திருக்காது. நின்றுபோன படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

குறைகளும் உண்டு. அந்த 6 குதிரைத்திறன் லிஸ்டர் 300 கிலோவுக்கு மேல் எடை. அதிர்வு அதிகம், புகையும் உண்டு. கடல் தண்ணீரையே நேராக உள்ளே விட்டுக் குளிர்விக்கும் ரகங்களில் உப்புப் படியாமலிருக்கச் சூட்டைச் சுமார் 60 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தண்ணீர் ஓடும் வழி அடைபடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெதுவாக ஓடுவதற்கென்றே செய்த எஞ்சின் வேறு. வேகமான எஞ்சினைப் பாரமில்லாமல் மெதுவாக ஓட்டுவது வேறு. இரண்டாவதில் டீசல் முழுசாக எரியாது. கரி படியும், சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். ‘மெதுவாக ஓட்டினால் நீடிக்கும்’ என்று நம்பி நல்ல எஞ்சினைக் கெடுத்துக்கொள்வோர் உண்டு. அதை அவ்வப்போது உரிய பாரத்தில், நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும்.

புது எஞ்சின் வாங்குவதில் தவறில்லை. எடை குறைவு, வேகம் அதிகம். ஆனால் வாங்குமுன் கடைக்காரரிடம் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதோடு நிறுத்தாமல், நடுக்கடலில் நின்றால் கையில் இருக்கும் ஸ்பேனரை வைத்து நானே சரிசெய்ய முடியுமா என்றும் கேளுங்கள். தீவில் வாழ்கிறவனுக்கு அந்தப் பதில்தான் முக்கியம்.