கடல் அரிக்கும் காவல் அறை

அசோக் நகர்வாசிகளான எங்களுக்குக் கடல் என்றால் மெரினாதான். கால் சுட நெடுந்தூரம் மணலில் நடந்த பிறகே அலையைத் தொட முடியும். ஆகவே, கடல் நிலத்தைத் தின்னும் என்று பாடத்தில் படித்தபோது அது மனத்தில் ஒட்டவில்லை. சென்ற கோடை விடுமுறையில் அப்பாவுடன் விசாகப்பட்டினத்திற்கு மாமா வீடு சென்றபோதுதான் ஒட்டியது.

அங்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பதுங்கறை ஒன்று உள்ளது. 1942 ஏப்ரல் 6-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மீது குண்டு வீசின. அதே மாதம் சென்னையிலும் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினார்கள். எதிரி கரையிறங்கினால் சுடுவதற்கென்று அக்காலத்தில் எழுப்பிய சிறு கான்கிரீட் அறைகளில் ஒன்றே இது. மாத்திரை டப்பாவைப் போன்றது என்பதால் ஆங்கிலத்தில் 'பில் பாக்ஸ்' என்பர்.

குனிந்து உள்ளே பார்த்தோம். ஒரே மணல். சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்கான குறுகிய பிளவு. அதனருகே கண்ணை வைத்தால் கடல் முழுவதும் விரிகிறது; பத்தடி தள்ளி வெளியே நின்று பார்த்தாலோ இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நம் ஒளியியல் வகுப்பு நினைவுக்கு வந்தது.

என் தந்தையார் கொத்தனார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். சாண் வைத்து அளந்தார். நான் இயற்பியல் மாணவன் என்ற மிடுக்கில், "உப்புநீர் உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கான்கிரீட் வெடிக்கும்" என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "அதுக்கு நாளாகும்டா. இது வேலைக்காரன் போட்ட காங்கிரீட்டு. அடியில மண்ணு போச்சுன்னா ஒடையாது, அப்படியே சாயும்" என்றார்.

அந்த மண் எங்கே போகிறது? நம் கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலைகள் கரையைச் சாய்வாக மோதி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே மிகுதி. குறுக்கே துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் நின்றால் தெற்கில் மணல் சேரும்; வடக்குக் கரை பட்டினி கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்தபின் மெரினா அகன்றதும், ராயபுரம் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். நாம் சுண்டல் தின்னும் மணல் ஒரு வகையில் வடசென்னைக்குச் சேர வேண்டியது! விசாகப்பட்டினத்துக் கடற்கரையும் துறைமுகத்திற்கு வடக்கேதான் இருக்கிறது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலை அங்கே கொட்டுகிறார்கள். கடல் மறுபடி எடுத்துக்கொள்கிறது. 2014 அக்டோபர் 12-இல் ஹுட்ஹுட் புயல் கரையைக் கடந்ததும் அந்நகரில்தான்.

பாறைகளைக் குவித்துக் காக்கலாமே என்றேன். மாமா சிரித்தார். கல் போட்ட இடம் தப்பும், அரிப்பு அடுத்த கரைக்கு நகரும்; வடக்கே மீனவர் குடியிருப்பு இருக்கிறது. பெயர்த்துச் சாலையோரம் வைக்கலாம் என்றால், அந்தப் பிளவு வழியே தெரியப்போவது கடல் அன்று, ஆட்டோக்கள்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது சுவரின் அடியில் காலால் கொஞ்சம் மணலைத் தள்ளி அணைத்துவிட்டு வந்தார்.