நான்குவழிச் சாலையில் டிராக்டர்: யாருக்கு என்ன கடமை?

தை பிறந்துவிட்டால் டெல்டாவில் சம்பா அறுவடை மும்முரமாகிவிடும். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆலைக்குக் கரும்பு ஓட்டம் நடந்துகொண்டிருக்கும். நெல்லும் வைக்கோலும் கரும்பும் வயலைவிட்டு வெளியே போக டிராக்டரைத்தான் நம்பியிருக்கின்றன. சில இடங்களில் இன்னும் மாட்டு வண்டியை. அவை ஏறும் சாலையிலேயே ஆம்னி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் ஊருக்குத் திரும்பும் காரும் நூறைத் தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பருவத்தில் ‘டிராக்டர் மீது கார் மோதி’ என்று தொடங்கும் செய்திகள் வருகின்றன. படிப்பவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். கண்மூடித்தனமாக ஓட்டிய கார்க்காரர்மீதுதான் தவறு என்பது ஒரு கட்சி. டிராக்டருக்கு நெடுஞ்சாலையில் என்ன வேலை என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே விபத்தின் காரணத்தைத் தொடவில்லை என்பது என் வாதம். மெதுவாகப் போகிற வண்டி ஆபத்தாவது அதன் வேகத்தால் மட்டுமல்ல. பின்னால் வருகிறவருக்கு அது உரிய நேரத்தில் தெரியாததாலும், அடுத்து என்ன செய்யப்போகிறது என்று ஊகிக்க முடியாததாலும்தான். அந்த இரண்டையும் சரிசெய்ய அதிகச் செலவில்லை. செய்யாமல் விடுவதுதான் பொறுத்துக்கொள்ள முடியாதது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் 4,61,312 விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 உடன் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. நாடு முழுக்க நடந்த விபத்துகளில் 21.4 சதவீதம் பின்னாலிருந்து மோதியவை. அவை அத்தனையும் டிராக்டர் விபத்துகள் அல்ல. ஆனால் முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் இடையே உள்ள வேக வித்தியாசம் எப்படிக் கொல்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். லோடு ஏற்றிய டிராக்டர் 20 கி.மீ. வேகத்தில் போகிறது, கார் 100-ல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 80. அதாவது நொடிக்கு 22 மீட்டர் வீதம் இடைவெளி குறைகிறது. டிம் லைட்டில் விளக்கில்லாத டிரெய்லர் ஏறத்தாழ 50 மீட்டரில்தான் கண்ணில் படும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 17 மீட்டர். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள காருக்கே அந்த 80 கி.மீ. வித்தியாசத்தைக் கழிக்க 35 மீட்டராவது வேண்டும். மோதல் நிச்சயம், மோதும் நொடியில் 50 கி.மீ.க்கு மேற்பட்ட வித்தியாசம் இன்னும் பாக்கி இருக்கும். டிரெய்லரின் பின்பலகையோ காரின் முன்கண்ணாடி உயரத்தில் இருக்கிறது. பானெட் கீழே நுழைந்துவிட, பலகை முன்சீட்டில் இருப்பவர்களின் முகத்துக்கு நேராக வருகிறது. அதே டிரெய்லர் 150 மீட்டர் தள்ளியே மினுங்கியிருந்தால் ஓட்டுநருக்கு ஏழு நொடிக்குப் பக்கமாகக் கிடைக்கும். வேகத்தைக் குறைத்து, கண்ணாடி பார்த்து, விலகிப் போக அது தாராளம். டிராக்டரின் வேகம் இரண்டு கணக்கிலும் ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அந்த டிரெய்லரின் பின்பக்கத்துக்கு வருவோம். வைக்கோல் லோடு இரண்டு பக்கமும் பிதுங்கி, பின்னாலும் தொங்கும். டெயில் லைட் எரிந்தாலும் வைக்கோலுக்குள் புதைந்திருக்கும். பல டிரெய்லர்களில் விளக்குக்கான ஒயரே டிராக்டரோடு இணைக்கப்பட்டிருக்காது. கொக்கி மாட்டுகிறவர் ஒயரை மாட்ட மறந்த நாளிலிருந்து அது அப்படியே தொங்கும். இன்னொன்று, இரவு உழவுக்காக டிராக்டரின் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு இருக்குமே, அது. டிரெய்லர் இல்லாமல் ரோட்டில் போகும்போது அதை அணைக்காமல் வருகிறவர்கள் உண்டு. பின்னால் வருகிறவருக்கு வெள்ளை வெளிச்சம் என்றால் எதிரே வருகிற வண்டி என்றுதான் படும், கண்ணும் கூசும். முன்பக்கம் ஒரு ஹெட்லைட் மட்டும் எரியும் டிராக்டரை எதிரே வருகிறவர் பைக் என்று நினைத்து, பைக்குக்கு விடுகிற இடத்தைத்தான் விடுவார். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 டிரெய்லரின் பின்பக்கம் இரு ஓரத்திலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்கின்றன. பாடியைத் தாண்டி லோடு நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒளிரும் டேப்பைப் பின்பலகையின் முழு அகலத்துக்கும் ஒட்டி, லோடு மறைக்காதபடி தாழ்த்தி வைத்தால் போதும். டேப்பின்மேல் படிந்த சேற்றை ஒவ்வொரு நடையிலும் ஈரத்துணியால் துடைப்பதும் அதே அளவு முக்கியம். சேறு மூடிய ரிஃப்ளெக்டர் இல்லாததற்குச் சமம். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1962 வாக்கில் உருவாக்கிய ஆரஞ்சு முக்கோணப் பலகை இன்று அந்நாட்டு டிராக்டர்களின் பின்னால் மாட்டியிருக்கிறது. அதன் பொருள் ஒன்றுதான்: இந்த வண்டி மெதுவாகப் போகிறது. பார்த்த மாத்திரத்தில் புரியும் அப்படி ஒரு பொது அடையாளம் இங்கும் நடைமுறைக்கு வர வேண்டும்.

தெரிவது பாதி வேலை. மீதி, என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒழுங்காகச் சொல்வது. நம் சாலைகளில் இண்டிகேட்டருக்கு ஆளுக்கொரு பொருள் இருக்கிறது. முன்னால் போகும் லாரிக்காரர் வலது இண்டிகேட்டரைப் போட்டு ‘முந்திப் போ’ என்கிறார். வலப்பக்கம் வயலுக்குத் திரும்பப்போகும் டிராக்டர்காரரும் அதையேதான் போடுகிறார். நேராகப் போகிறேன் என்று சொல்ல நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிடுகிறவர் இன்னொருவர். பின்னால் வருகிறவர் எதை நம்புவது? திரும்புவதற்கு மட்டும்தான் இண்டிகேட்டர் என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தால் ஒரு பெரிய குழப்பம் தீரும். வழிவிடும் மரியாதை அடுத்தது. இருவழிச் சாலையில் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பத்து வண்டி ஊர்ந்தால், பத்தாவது வண்டிக்காரர் பொறுமையிழந்து எதிர்ப்பக்கத்தில் ஏறுவார். அவர் செய்வது தவறுதான், ஆனால் சாவது எதிரே வருகிற குடும்பம். கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் இருவழிச் சாலையில் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் மெதுவாகப் போகிறவர் ஒதுங்க வசதியான அடுத்த இடத்தில் ஒதுங்க வேண்டும் என்று எண்ணிக்கையே போட்டுச் சொல்கிறது. பிரிட்டனின் சாலை விதிகளும் நீண்ட வரிசையைத் தேக்காமல், பாதுகாப்பான இடம் கண்டதும் ஒதுங்கச் சொல்கின்றன. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் முந்தப்படுகிறவர் வேகத்தைக் கூட்டவோ முந்துவதைத் தடுக்கவோ கூடாது என்கின்றன. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ‘ஒதுங்கினால் திரும்ப ரோட்டில் ஏற எவன் விடுகிறான்’ என்று டிராக்டர் ஓட்டுகிறவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தார் விளிம்பு ஒரு சாண் உயரத்துக்கு அறுந்து நிற்கும் இடத்தில் லோடு வண்டியை இறக்கினால் கவிழ்ந்துவிடும். அதனால்தான் எங்கும் ஒதுங்கு என்று யாரும் சொல்லவில்லை. பெட்ரோல் பங்க், பஸ் நிற்கும் அகலமான இடம், கிளைச் சாலை வாய் என்று பார்த்து ஒதுங்கச் சொல்கிறோம். ஒதுங்கியவரைத் திரும்ப ஏறவிடுவது வேகமாக வருகிறவரின் கடன்.

டிராக்டரையும் மாட்டு வண்டியையும் நெடுஞ்சாலையிலிருந்து ஒரேயடியாக விலக்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் பெங்களூரு–மைசூரு சாலையைக் காட்டுகிறார்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே பைக், ஆட்டோ, டிராக்டர், மாட்டு வண்டி எதுவும் முதன்மைப் பாதையில் ஏறக்கூடாது. அந்தத் தடை நியாயமாகிற காரணம், இந்த வண்டிகள் போக பக்கத்தில் சர்வீஸ் ரோடு இருப்பது. தமிழ்நாட்டின் நான்குவழிச் சாலைகளில் பெரும்பகுதி, ஏற்கெனவே ஊர்களை இணைத்த பழைய சாலையை அகலப்படுத்திப் போட்டவை. சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலுமாக நிற்கும் விவசாயிக்கு மாற்று வழி கொடுக்காமல் தடை மட்டும் போட்டால், அவருடைய நிலத்துக்குப் போகும் பாதையையே பறித்ததாகும். ‘டோல் கட்டுவது நாங்கள், டிராக்டர் கட்டுவதில்லையே’ என்ற வாதமும் நிற்காது. டோல் என்பது சாலை போட்ட செலவுக்கான கட்டணம். முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள் என்ற உத்தரவாதத்தை அது தருவதில்லை. வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் இரவில் ஓட்டுகிறவர் முன்னால் நாளை டிராக்டருக்குப் பதில் பழுதான லாரியோ, மாடோ, கீழே விழுந்த பைக்காரரோ இருக்கலாம். 2022-ல் இறந்தவர்களில் 71.2 சதவீதம் பேரின் மரணத்துக்கு அதிவேகம் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே டேப் ஒட்டச் சொல்வது, கார் ஓட்டுகிறவரின் பொறுப்பைக் குறைக்கும் வாதம் அல்ல.

டிராக்டர்காரர்கள் பக்கத்தில் நான் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று உண்டு: எதிர்த்திசையில் வருவது. மீடியன் இடைவெளி இரண்டு கி.மீ. தள்ளி இருக்கிறது, டீசல் வீண் என்று ராங் சைடில் வருகிறார்கள். டீசல் கணக்கு உண்மைதான். ஆனால் அங்கே வேகம் கழிவதில்லை, கூடுகிறது. 80 என்ற வித்தியாசம் 120 ஆகிவிடும். எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்று 2019 திருத்தம் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது.

விபத்து நடந்துவிட்டால் இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டியவை சில. 108 ஆம்புலன்ஸுக்கும், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கும் அழைக்கலாம். காயம்பட்டவரைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தவரைச் சாட்சியாக வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவரைக் காக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். மாட்டு வண்டிக்காரர்கள், சைக்கிளில் போகிறவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. வண்டி தெரிந்திருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2019 திருத்தம் இதற்கு ஆறு மாதம்தான் கெடு வைத்திருக்கிறது என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

அந்தத் தீர்ப்பாயத்தில்தான் ஒளிரும் டேப்பின் அருமை இன்னொரு விதத்தில் தெரியவரும். பின்னால் வந்து மோதியவர்மீதுதான் தவறு என்று எல்லா வழக்கிலும் முடிவதில்லை. விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லாத வண்டி என்றால் அதன் பங்குக்கும் ஒரு சதவீதம் போட்டு இழப்பீட்டைக் குறைப்பார்கள். எச்சரிக்கை விளக்கில்லாமல் சாலையில் நிறுத்தியிருந்த டேங்கர்மீது கார் மோதிய ஒரு வழக்கில், காரோட்டிமீது தவறே இல்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸ் இல்லாத டிரெய்லர் என்றால் தொகை உரிமையாளரின் தலையில் விழும். நிலத்தை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரும். மட்கார்டிலும் லோடுமேலும் ஆள் ஏற்றிச் சென்று அவர்களுக்கு ஏதாவது ஆனால், அவர்களுக்குப் பாலிசி பொருந்தாது என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வாதாடும். பலமுறை அந்த வாதம் ஏற்கப்பட்டும் இருக்கிறது. சீசன் தொடங்கும்போதே டிரெய்லரின் பின்பக்கத்தை இரவில், விளக்கும் டேப்பும் தெரிய, தேதியோடு போனில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சாலை போட்டவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்களே. வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உள்ள குறையால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதே சட்டத்தின் 198-ஏ பிரிவு இடம் தருகிறது. விபத்துக்குப் பிறகு அதைப் பயன்படுத்துவதைவிட, முன்பே கேட்டுப் பெறுவது மேல். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர். ஜனவரி 26 கிராம சபை, அறுவடையும் கரும்பு ஓட்டமும் நடக்கிற சமயத்திலேயே கூடுகிறது. எந்தக் கி.மீ. கல்லருகே டிராக்டர்கள் குறுக்கே கடக்கின்றன, எங்கே சர்வீஸ் ரோடு பாதியில் அறுந்து நிற்கிறது, எந்த இடைவெளியை மூடியதால் ராங் சைடு ஓட்டம் தொடங்கியது, எங்கே தார் விளிம்பு அறுந்திருக்கிறது என்று இடம் குறித்து அங்கே தீர்மானம் போட்டு, ஒரு நகலை ஆட்சியருக்கும் ஒன்றைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும் அனுப்பிவிட்டு ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.