மதிப்பெண் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியது யார்?

54-இலிருந்து 29-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எந்த மூன்றாம் வகுப்பிலும் நாலைந்து பேராவது இருப்பார்கள். 9-இலிருந்து 4 போக 5, 5-இலிருந்து 2 போக 3. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைத்தான் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் இவர்கள். கடன் வாங்கிக் கழிப்பது மட்டும் பிடிபடவில்லை. அதே கணக்கை மிட்டாய், கடைக்காரர் என்று நாலு வரி வாக்கியமாகக் கொடுத்தால், பக்கத்தில் இருக்கும் பிள்ளை படிக்கத் தெரியாமல் விட்டுவிடுவாள். இரண்டு பேருக்கும் பூஜ்யம்தான். முதல் பிள்ளைக்கு ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும். இரண்டாவது பிள்ளையின் சிக்கல் கணக்கில் இல்லை, தமிழ் வாசிப்பில் இருக்கிறது. ரேங்க் கார்டைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் மதிப்பெண் குறைந்துவிட்டதென்று பள்ளியிலிருந்து கூப்பிட்டால், திருத்திய விடைத்தாளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. 2009-இல் வந்த இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்பது அதில் ஒன்று. பெற்றோரை அழைத்துப் பிள்ளையின் வருகை, முன்னேற்றம் பற்றிப் பேச வேண்டும் என்பது இன்னொன்று. "வீட்ல நீங்க உக்கார வச்சுப் படிக்கச் சொல்றதே இல்லையாம்மா?" என்று தொடங்கும் பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கடமை அப்படியே இடம் மாறி அம்மாவின் தலையில் ஏறிவிடுகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் பார்க்கும் வீடு என்றால் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுவார். கூடவே "சாயங்காலம் எங்கிட்டயே டியூஷன் அனுப்புங்க" என்று வகுப்பு ஆசிரியர் சொன்னால், 28-ஆவது பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது. மதிப்பெண்ணுக்காக அடிப்பதும், தனி பெஞ்சில் உட்காரவைத்து அவமானப்படுத்துவதும் 17-ஆவது பிரிவில் வரும். அது உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு.

பள்ளி தானே நடத்தும் தேர்வோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு வகைத் தேர்வு இருக்கிறது. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வில் சுமார் 1.18 லட்சம் பள்ளிகளைச் சேர்ந்த 34 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு 'பரக்' என்ற தேசிய ஆய்வு நடந்தது. மாதிரிக்குச் சில பள்ளிகள், அந்தப் பள்ளிகளிலும் சில பிள்ளைகள் என்று எடுத்து, ஒரு மாவட்டத்திலோ மாநிலத்திலோ கற்பித்தல் எப்படி இருக்கிறதென்று பார்ப்பதுதான் நோக்கம். இதில் எந்தப் பிள்ளைக்கும் தனியாகப் பாஸ், ஃபெயில் கிடையாது. 'பிரதம்' அமைப்பின் 'ஏசர்' ஆய்வோ பிள்ளைகளைப் பள்ளியில் வைத்துச் சோதிப்பதில்லை. கிராமத்து வீடுகளுக்குப் போய், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறதா, கழித்தல், வகுத்தல் தெரிகிறதா என்று பிள்ளைகளிடமே நேரில் கேட்கும்.

ஆனால் நம் ஊர்களில் ஆய்வு வருகிறது என்றதும் பள்ளிக்கூடத்துக்கே காய்ச்சல் வந்துவிடும். பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு வட்டத்தைக் கருப்பாக்கும் பயிற்சி நடக்கும். மெதுவாகப் படிக்கும் பிள்ளையை "அன்னிக்கு லீவு போட்டுக்க" என்று வீட்டுக்கு அனுப்பும் பள்ளி, உதவி யாருக்கு வேண்டுமோ அவர்களையே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. மேலிருந்து வரும் நெருக்கடி எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் ஓர் உதாரணம். 2009-ஆம் ஆண்டுத் தேர்வில் பிள்ளைகளின் தவறான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியதை மாநில விசாரணை 2011-இல் வெளிக்கொண்டுவந்தது. விசாரித்த 56 பள்ளிகளில் 44-இல் மோசடி. 2015-இல் முன்னாள் கல்விப் பணியாளர்கள் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மதிப்பெண் ஏறிய பள்ளி என்று பேர் வாங்கியதால், உண்மையில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்புகூடக் கிடைக்காமல் போனது.

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது, "இதே வகுப்பில் உட்கார வைத்துவிடுவோம்" என்ற பேச்சு. கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 5, 8-ஆம் வகுப்புகளில் ஆண்டிறுதித் தேர்வு வைக்க வேண்டும். தேறாத பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தேறாவிட்டால்தான் நிறுத்திவைக்கும் பேச்சே வரும், அதையும் உரிய அரசு அனுமதித்திருக்க வேண்டும். மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளுக்கு, அதாவது கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்றவற்றுக்கு அனுமதித்தது. தமிழ்நாடு அனுமதிக்கவில்லை, 8-ஆம் வகுப்புவரை தேர்ச்சி என்பதே தொடர்கிறது. 2019-இல் இங்கே அறிவித்த 5, 8-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வும் எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் ரத்தானது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 'உரிய அரசு' எது என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிப்பதில்லை. தமிழ்நாட்டில் இயங்கும் தனியார் பள்ளி சி.பி.எஸ்.இ. பலகை மாட்டியிருந்தாலும் அதற்கு உரிய அரசு மாநில அரசுதான். அதனால் பிள்ளையை நிறுத்திவைக்கச் சம்மதம் என்று ஒரு கடிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். 3-ஆம் வகுப்பில் நிறுத்திவைக்க நாட்டில் எந்தப் பள்ளிக்கும் இந்தச் சட்டம் இடம் தரவில்லை. "டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்பதும் அப்படித்தான், தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது. பள்ளிச் சேர்க்கைக்குக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய்வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய்வரையும் அபராதம். ஆல் பாஸ் என்பதால் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் உண்மைதான். வாசிக்கத் தெரியாமலே ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையைச் சட்டம் தண்டிக்கவில்லை, ஆனால் 24-ஆவது பிரிவு சொன்ன கூடுதல் வகுப்பை யாரும் நடத்தவில்லை என்றால் அந்தப் பிள்ளை ஏமாற்றப்பட்டிருக்கிறது.

சில பிள்ளைகள் வாயால் கேட்டால் டக்கென்று சொல்லும், எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும். திட்டுவதற்கு முன் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை ஒரு குறைபாடாக ஏற்றிருக்கிறது. அதைச் சீக்கிரமே கண்டுபிடிப்பது கல்வி நிறுவனத்தின் பொறுப்பு. தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர், இரண்டாம், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

புகாரை வகுப்பாசிரியர், தலைமையாசிரியர் என்று தொடங்குவதே நல்லது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானப் பதிவேட்டில் எழுதவையுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). 14417 என்ற கல்வி உதவி எண்ணில் விவரம் கேட்கலாம். அடி, மிரட்டல் என்றால் 1098-ஐ அழைக்கலாம். வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி கொடுத்த புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே படிக்கும் பிள்ளைக்காகவும் ஆணையத்துக்கு நேரடியாக எழுதலாம்.